பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கியர்பாக்ஸ் மவுண்டிங்கை மேம்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்புரேட்டர், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பலருக்கும் கியர்பாக்ஸுக்குக் கீழே ஒரு ரப்பர் துண்டு இருப்பதே ஞாபகம் வரும். உடனே அடுத்த கேள்வியும் வரும்: "மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கொஞ்சம் கெட்டியாகவே போட்டால் என்ன?" போடலாம். ஆனால் எந்தக் காரில், எதற்காக, எதோடு சேர்த்து என்று பார்த்துப் போட வேண்டும்.

கியர்பாக்ஸ் மவுண்டிங் என்னதான் வேலை செய்கிறது?

மூன்று வேலை. கியர்பாக்ஸின் எடையைத் தாங்குகிறது. இன்ஜின் இழுக்கும்போது கியர்பாக்ஸ் இடம் விட்டு நகராமல் பிடிக்கிறது. அதிர்வு பாடிக்குள் போகாமல் தடுக்கிறது. முதல் இரண்டுக்கும் கெட்டியாக இருந்தால் நல்லது, மூன்றாவதற்கு மெத்தென்று இருந்தால் நல்லது. தயாரிப்பாளர் நடுவில் ஓர் இடத்தைப் பிடித்து, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டி வைத்திருக்கிறார். மேம்படுத்துவது என்றால் அந்த நடு இடத்தை நம் வசதிக்கு நகர்த்துவது. ஒரு பக்கம் கிடைத்தால் இன்னொரு பக்கம் போகும், அதிலிருந்து தப்பவே முடியாது.

எல்லாக் காரிலும் கதை ஒன்றுதானா?

இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் செலவு செய்பவர்கள்தான் அதிகம்.

முன்னால் இன்ஜின், பின்னால் டிஃபரன்ஷியல் (முறுக்கைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) என்ற அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஜிபி, டிரையம்ஃப் டிஆர்6, டாட்சன் 240இசட் எல்லாம் இந்த வகை. இவற்றில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டையாக போல்ட் போடப்பட்டிருக்கும். இன்ஜின் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு தருகிறது, முதல் கியர் விகிதம் 3.2 என்று வைத்தால், பின்னால் போகும் ஷாஃப்டில் சுமார் 640 நியூட்டன் மீட்டர். அதே அளவு எதிர்முறுக்கு இந்தக் கட்டை முழுவதையும் பக்கவாட்டில் உருட்டப் பார்க்கும். அந்த உருட்டலைத் தாங்குவது பெரும்பாலும் இன்ஜினின் இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி இருக்கும் மவுண்டிங்குகள்தான். கியர்பாக்ஸ் மவுண்டிங் ஏறக்குறைய நடுக்கோட்டிலேயே இருப்பதால் அதற்கு உருட்டலைப் பிடிக்கப் போதுமான நெம்புதூரம் கிடையாது. அது கட்டையின் வாலை, அதாவது கியர்பாக்ஸின் பின்முனையைத் தாங்குகிறது, இட வலமாகவும் மேலும் கீழும் ஆடாமல் பார்த்துக்கொள்கிறது. ஆகவே இந்தக் கார்களில் கியர்பாக்ஸ் மவுண்டிங்கை மட்டும் கெட்டியாக்கி இன்ஜின் உருள்வதை நிறுத்திவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

பழைய போர்ஷே 911 வேறு ஜாதி. அதில் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. மேலே சொன்ன 640-ஐ இறுதி விகிதம் 4.4-ஆல் பெருக்கினால் 2,800 நியூட்டன் மீட்டரைத் தாண்டுகிறது. அந்த முழு முறுக்கையும் மவுண்டிங்குகள்தான் வாங்க வேண்டும். அதுவும் பக்கவாட்டில் இல்லை, முன்பின்னாக. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அச்சுக்கு முன்னால் இருக்கும் கியர்பாக்ஸ் மூக்கு மேலே எழும், பின்னால் இருக்கும் இன்ஜின் கீழே இறங்கப் பார்க்கும். இங்கே கெட்டியான மவுண்டிங்கின் பலன் கையிலேயே தெரியும்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை இன்னொரு விதம். 1989-இல் வந்த அந்தக் காருக்குக் கியர்பாக்ஸ் மவுண்டிங்கே கிடையாது. கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டம் இணைக்கிறது. மொத்தமும் இன்ஜின் மவுண்டிங்கிலும் டிஃபரன்ஷியல் மவுண்டிங்கிலும் தொங்குகிறது. அதில் மாற்ற வேண்டியவை அந்த இரண்டும்தான்.

என் மவுண்டிங் போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓட்டும்போது தெரியும் அறிகுறிகள்: ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போது கீழே "டங்" என்று ஒரு சத்தம், கிளட்ச் விடும்போது நடுக்கம், வளைவில் சைலன்சர் குழாய் தரையில் தட்டுவது, வேகம் எடுக்கும்போது கியர் தானாக நழுவி வெளியே வருவது. இவற்றில் எதுவுமே மவுண்டிங்குக்கு மட்டும் உரியது இல்லை. "டங்" சத்தத்துக்கு யூஜே கிராஸ் (பின்னால் போகும் ஷாஃப்டின் முனைகளில் உள்ள மூட்டு) தேய்ந்திருக்கலாம். 240இசட் காரில் டிஃபரன்ஷியலின் முன் மவுண்டிங் கிழிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. டிஃபரன்ஷியல் மூக்கு ரொம்ப எழும்பாமல் இருக்க அதன் மேல் ஒரு பட்டையையே தயாரிப்பாளர் போட்டிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் மவுண்டிங்கை மாற்றிவிட்டு, சத்தம் அப்படியே இருக்கிறதே என்று திகைப்பவர்களின் வண்டியில் குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அதனால் கண்ணால் பார்த்துவிடுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கியர்பாக்ஸின் வால் பகுதிக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்து, ஜாக்கியால் மெதுவாகத் தூக்குங்கள். ஆயில் பானின் மெல்லிய தகட்டில் முட்டுக் கொடுக்கக் கூடாது, வார்ப்புப் பகுதியில் கொடுங்கள். ரப்பர் நன்றாக இருந்தால் கொஞ்சம் விரியும், உடனே எதிர்க்கும். கிழிந்திருந்தால் மேல் தகடு ரப்பரை விட்டுத் தனியாக எழுந்து வரும், நடுவில் வெளிச்சம் தெரியும். சும்மா நிற்கும்போது எடை அழுத்திக்கொண்டிருப்பதால் இந்தக் கிழிசல் வெளியே தெரியவே தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்வதை நம்பாமல் தூக்கிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்து ரப்பரை விரல் நகத்தால் அழுத்துங்கள். நல்ல ரப்பரில் நகம் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்ப வரும். காய்ந்துபோனதில் நகம் வழுக்கும், ஓரங்களில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். எண்ணெயில் ஊறியது நேர்மாறு: உப்பி, பிசுபிசுவென்று, தேய்த்தால் விரலில் கறுப்பாக ஒட்டும். அப்படி ஒட்டினால் முதலில் கியர்பாக்ஸின் பின் ஆயில் சீலைப் பாருங்கள். சீலை மாற்றாமல் புது மவுண்டிங் போடுவது வீண். அதுவும் சீக்கிரமே ஊறிவிடும்.

கியர் சரியாக விழவில்லை. கெட்டி மவுண்டிங் போட்டால் சரியாகுமா?

கியர் ராடு எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ராடு நேராகக் கியர்பாக்ஸ் மேலேயே நிற்கிறது என்றால் (எம்ஜிபி, 240இசட் இப்படித்தான்) கியர்பாக்ஸ் ஆடினால் ராடும் சேர்ந்தே ஆடும். கையில் அசைவு தெரியுமே தவிர, உள்ளே கியர் விழுவதற்கு மவுண்டிங் பெரிய தடை இல்லை. ஆனால் ரொம்பச் சாய்ந்து ராடு சுரங்கத் தகட்டின் (கியர்பாக்ஸை மூடியிருக்கும் தரை மேட்டின்) ஓரத்தில் இடித்தால் அது வேறு விஷயம், கியர் நழுவுவதற்கு அதுவே காரணமாகலாம்.

ராடு பாடியில் இருக்கிறது, அங்கிருந்து ஒரு கம்பி கியர்பாக்ஸுக்குப் போகிறது என்றால் மவுண்டிங்குக்கு நேரடிப் பங்கு உண்டு. 911 அப்படிப்பட்டது. ராடு ஓரிடத்தில் நிற்க, கியர்பாக்ஸ் மட்டும் நகர்ந்தால் கம்பி கியரைத் தள்ளும் அல்லது இழுக்கும். முழு வேகத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கியர் கிடைக்காமல் தேடுவது இதனால் இருக்கலாம். "இருக்கலாம்" என்றுதான் சொல்கிறேன். 1970-களிலும் 80-களின் பாதி வரையிலும் 911-இல் வந்த 915 கியர்பாக்ஸ் புதிதாக இருக்கும்போதே கொஞ்சம் பிடிவாதக்காரன். ஷிஃப்ட் கப்ளரில் (கம்பியைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் மூட்டில்) உள்ள சின்ன பிளாஸ்டிக் புஷ்கள், கிளட்ச் சரிசெய்தல், கியர் விழும் முன் வேகத்தைச் சமமாக்கும் சிங்க்ரோ வளையம், இந்த மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் மவுண்டிங்குக்கு வாருங்கள். புஷ் தேய்ந்த வண்டியில் எந்த மவுண்டிங் போட்டாலும் ராடு கஞ்சிக்குள் விட்ட கரண்டி மாதிரிதான் ஆடும்.

ஒரு சோதனை உண்டு. வண்டி நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் கியர் சுத்தமாக விழுகிறது, அழுத்தி ஓட்டும்போது மட்டும் விழவில்லை என்றால் மவுண்டிங் மேல் சந்தேகப்படலாம். நிற்கும்போதே சண்டை போட்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

புது ரப்பரே போதுமா, பாலியூரித்தேன் வேண்டுமா?

பாலியூரித்தேன் என்பது ரப்பருக்குப் பதில் போடும், அதைவிடக் கெட்டியான ஒரு செயற்கைப் பொருள். சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு என் பதில்: முதலில் நல்ல புது ரப்பர். நாற்பது, ஐம்பது வருடம் ஆன ரப்பரைக் கழற்றிவிட்டு பாலியூரித்தேனை மாட்டுபவருக்குக் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி, கிழிந்த ஒன்றை எடுத்துவிட்டு முழுசான ஒன்றைப் போட்டதால் கிடைத்தது. அதைப் பாலியூரித்தேனின் பெருமையாக எழுதிவிடுகிறார்கள். புது ரப்பர் போட்டு ஓட்டிப் பார்த்து, இன்னும் குறை இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

கடினத்தன்மையை ஷோர் ஏ அளவில் சொல்வார்கள். சாதாரண மவுண்டிங் ரப்பர் சுமார் 50 முதல் 60 வரை. பாலியூரித்தேன் மவுண்டிங்குகள் 70-களில் தொடங்கி 95 வரை வருகின்றன. 75-க்கும் 95-க்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். "பாலி" என்று மட்டும் எழுதி எண் போடாத பொருளை வாங்காதீர்கள். சாலை வண்டிக்கு 80-ஐத் தாண்ட வேண்டிய அவசியம் அரிதாகத்தான் வரும்.

பாலியூரித்தேன் எண்ணெய்க்கு ரப்பரைவிட நன்றாகத் தாக்குப் பிடிக்கும், அது அதன் உண்மையான பலம். வெப்பம் அதன் பலவீனம். சைலன்சர் குழாய் ஒட்டிப் போகும் இடத்தில் அது மெதுவாக இளகி உருக்குலையும். குழாய்க்கும் மவுண்டிங்குக்கும் நடுவே ஒரு தகட்டு மறைப்பு போட்டுவிட்டால் கவலை இல்லை.

பாலியூரித்தேன் போட்டால் எவ்வளவு அதிரும்?

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, கடினம் இல்லை. மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கு ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. இன்ஜின் உண்டாக்கும் அதிர்வு அதைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் மவுண்டிங் அதிர்வைத் தடுக்கும். அதற்குக் கீழே வந்தால் தடுப்பதற்குப் பதில் பெருக்கிக் கொடுக்கும்.

ரப்பரில் இயல்பு அதிர்வெண் 12 ஹெர்ட்ஸ் என்று வைப்போம். 17-க்கு மேல் எல்லாம் தடுக்கப்படும். நான்கு சிலிண்டர் இன்ஜின் 850 சுற்றில் ஐடிலிங்கில் நின்றால், சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, அதாவது சுமார் 28 ஹெர்ட்ஸ். சொகுசாக இருக்கும். இப்போது எல்லா மவுண்டிங்கையும் நான்கு மடங்கு கெட்டியாக்குங்கள். இயல்பு அதிர்வெண் இரட்டிப்பாகி 24 ஆகும், தடுப்பு 34-இல்தான் தொடங்கும். ஐடிலிங்கின் 28 அதற்குக் கீழே மாட்டிக்கொண்டது. சிக்னலில் நிற்கும்போது கண்ணாடி நடுங்கி, பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிவது இப்படித்தான். ஐடிலிங்கை 1,050-க்கு ஏற்றினால் 35 ஹெர்ட்ஸ், ஓரளவு அடங்கும்.

அதே கெட்டி மவுண்டிங், ஆறு சிலிண்டர் இன்ஜின் என்றால் 850 சுற்றில் மூன்று வெடிப்பு வீதம் 42 ஹெர்ட்ஸுக்கு மேல். எல்லைக்கு வெளியே நிற்கிறது. 240இசட் உரிமையாளர் "ஒன்றும் தெரியவில்லை" என்பதும், அதே கடினத்தில் போட்ட எம்ஜிபி உரிமையாளர் பல் ஆடுகிறது என்பதும் இரண்டுமே உண்மை. யார் சொல்வதைக் கேட்டாலும் அவர் இன்ஜினில் எத்தனை சிலிண்டர் என்று முதலில் கேளுங்கள்.

முழு அலுமினிய மவுண்டிங்?

பந்தய வண்டிக்கு. சாலை வண்டியில் வேண்டாம். அதிர்வு மட்டும் பிரச்சினை இல்லை. பழைய பாடி வளைந்து கொடுக்கும், அந்த வளைவை இதுவரை ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்தது. ரப்பரை எடுத்துவிட்டால் அது கியர்பாக்ஸின் வார்ப்புக் காதுகளுக்குப் போகும், அங்கே வெடிப்பு விழும்.

இன்ஜின் மவுண்டிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

ஆமாம், அல்லது குறைந்தபட்சம் சேர்த்துச் சோதிக்க வேண்டும். இன்ஜின் பக்கம் தளர்ந்த ரப்பர், கியர்பாக்ஸ் பக்கம் கெட்டிப் பாலியூரித்தேன் என்றால் கட்டையின் முன்பகுதி உருளும், வால் பிடிபட்டு நிற்கும். நடுவில் முறுக்குப்படுவது பெல் ஹவுசிங்கும் (இன்ஜினோடு சேரும் கிளட்ச் உறை) வால் உறையும். எல்லா மவுண்டிங்கும் ஒரே ஜாதியாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் ஒரு படி கெட்டியாக வைப்பதானால், 911 மாதிரி டிஃபரன்ஷியல் சேர்ந்த கியர்பாக்ஸில் அது கியர்பாக்ஸ் மவுண்டிங்காக இருக்கலாம். முன் இன்ஜின் வண்டியில் இன்ஜின் பக்கத்தைக் கவனியுங்கள்.

கிழிந்த இன்ஜின் மவுண்டிங்கை அலட்சியமாக விடுவதற்கு எதிராக ஒரு பழைய உதாரணம் உண்டு. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 67 லட்சம் செவ்ரலே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மவுண்டிங் கிழிந்தால் இன்ஜின் எழும்பி, ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்துவிடும் அபாயம் இருந்தது. இன்ஜின் அதிகம் எழும்பாமல் பிடித்து நிறுத்த ஒரு தடுப்பைப் பொருத்திக் கொடுத்தார்கள். கம்பி இணைப்பு ஆக்சிலரேட்டர் உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் இந்தப் பாடம் பொருந்தும். ரப்பர் முழுவதும் கிழிந்தாலும் இரு தகடும் பிரியாமல் உள்ளே கொக்கி போட்ட வடிவமோ, நடுவே போல்ட் போகும் வடிவமோ கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பெட்டி பிரிக்காத ஒரிஜினல் பழைய சரக்கு கிடைக்கிறது. வாங்கலாமா?

அலமாரிக்கு வாங்கலாம். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். 1978-இல் செய்த ரப்பர் இன்றைக்கும் 1978 ரப்பர்தான்.

ரப்பரில் உள்ள இடைவெளியில் பாலியூரித்தேனை ஊற்றி நிரப்புகிறார்களே?

சில மவுண்டிங்குகளில் ரப்பருக்கு நடுவே வேண்டுமென்றே காலி இடம் விட்டிருப்பார்கள். அதில் இரண்டு பாகமாக வரும் திரவப் பாலியூரித்தேனைக் கலந்து ஊற்றி, இறுக விட்டால் மலிவாகக் கெட்டி மவுண்டிங் கிடைக்கும். நல்ல நிலையில் உள்ள ரப்பரில், எண்ணெய்ப் பிசுக்கை முழுக்கத் துடைத்துவிட்டுச் செய்தால் வேலை செய்யும். புது மவுண்டிங்கே கிடைக்காத அரிய வண்டிக்கு இது கைகொடுக்கும். கிழிந்த ரப்பரை ஒட்டவைக்க இதைச் செய்யாதீர்கள். அது ஒட்டு மட்டும்தான், பலம் இல்லை.

வீட்டிலேயே மாற்ற முடியுமா?

பெரும்பாலான வண்டியில் முடியும். வேலை பெரிதில்லை, எச்சரிக்கைதான் பெரிது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம்.

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கியர்பாக்ஸ் வாலுக்கு மரக்கட்டையோடு ஜாக்கி கொடுத்து, எடையை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். பிறகு கிராஸ்மெம்பர் (மவுண்டிங்கைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) போல்ட்டுகளைக் கழற்றுங்கள். கிராஸ்மெம்பர் இறங்கியதும் வாலைத் தேவைக்கு மேல் இறக்கவோ ஏற்றவோ கூடாது. வால் இறங்கினால் இன்ஜின் பின்பக்கம் சாயும், டிஸ்ட்ரிபியூட்டரோ வால்வு மூடியோ பின்சுவரில் முட்டலாம். முன்னால் ஃபேன் மேலே எழுந்து ரேடியேட்டரைத் தொடலாம். பானெட்டைத் திறந்து வைத்து, மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் நல்லது.

புதியதை மாட்டும்போது எந்த போல்ட்டையும் உடனே இறுக்காதீர்கள். எல்லாம் கையால் போய்ச் சேர்ந்த பிறகு ஜாக்கியை இறக்கி, எடை மவுண்டிங் மேல் உட்கார விட்டு, இன்ஜினைக் கையால் முன்னும் பின்னும் கொஞ்சம் அசைத்து, அது தானாக அமர்ந்த இடத்தில் இறுக்குங்கள். இறுக்கி வைத்த போல்ட்டோடு ஜாக்கியை இறக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே வாழ்நாள் முழுக்க நிற்கும், சீக்கிரம் கிழியும். அலுமினிய உறைக்குள் போகும் போல்ட்டுக்கு டார்க் ஸ்பேனர் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) வேண்டும், அளவு அந்தக் காரின் கையேட்டில் இருக்கும். அலுமினிய மரை போனால் சரிசெய்வது மவுண்டிங்கைவிடப் பெரிய வேலை.

மாற்றிய பிறகு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் புதிதாக அதிர்கிறது. ஏன்?

உயரத்தை அளந்து பாருங்கள். பழைய மவுண்டிங் அமுங்கிப் போயிருக்கும், புதியது உயரமாக இருக்கும். சில சமயம் வெளியார் செய்யும் பாலியூரித்தேன் மவுண்டிங் ஒரிஜினல் உயரத்தைவிடவே கூடுதலாக இருக்கும். இன்ஜின் மவுண்டிங்கிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் வால் 10 மில்லிமீட்டர் உயர்ந்தால் கோணம் அரை டிகிரி மாறும். யூஜே கிராஸ் கோணத்தில் வேலை செய்யும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும். ஷாஃப்டின் இரு முனையிலும் கோணம் சமமாக இருந்தால்தான் ஒன்றை இன்னொன்று சரிசெய்யும். ஒருபக்கம் மட்டும் மாறினால் மிச்சம் அதிர்வாக வரும். கிராஸ்மெம்பருக்கும் பாடிக்கும் நடுவே தகடு வைத்து வாலைப் பழைய ஒரிஜினல் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வேகத்தோடு மாறாமல், இன்ஜின் சுற்றோடு மாறும் சத்தம் என்றால் எங்கேயோ இரும்பு இரும்பைத் தொடுகிறது. சைலன்சர் குழாய், ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் குழாய், இந்த வரிசையில் தேடுங்கள்.

கழற்றும்போது ஓர் எர்த் பட்டை இருந்தது. அவசியமா?

கட்டாயம். இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மேல் நிற்பதால் பாடியோடு மின் தொடர்பு இல்லை. சில கார்களில் அந்தப் பட்டை கியர்பாக்ஸ் மவுண்டிங் போல்ட்டிலேயே மாட்டப்பட்டிருக்கும். திரும்ப மாட்ட மறந்தால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் கிடைத்த வழியில் போகும். சோக் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோ சூடாகிப் புகை விடும். மாட்டும் இடத்தில் துருவையும் பெயின்ட்டையும் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு இறுக்குங்கள்.

கழற்றிய பழைய மவுண்டிங்கை என்ன செய்வது?

கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அரிய வண்டி என்றால் அந்தத் தகடுகளிலேயே புதிதாக ரப்பர் ஒட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. போல்ட் துளை அளவும் ஒரிஜினல் உயரமும் பார்க்க வேறு ஆதாரம் கிடைக்காமல் போகலாம். ஒரு சீட்டில் வண்டியின் வருடத்தை எழுதிக் கட்டி வையுங்கள்.